ஒன்பதாம் வீட்டுத் துணி

ஒட்டுத் துணி தைக்கப் பழகினால் பொறுமை வரும் என்று எங்கள் தையல் ரீச்சர் அடிக்கடி சொல்லுவார். எனக்கு வரவில்லை. நாற்பது வயதாகப் போகிறது, இன்னும் வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. ஊசியைக் கையில் எடுத்தாலே எனக்குக் கோபம்தான் வருகிறது.

போன கிழமை என் அக்காவின் மகள் ஒரு பழைய துணியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

"சின்னம்மா, இது நீங்கள் எனக்குத் தைச்சதாமே. அம்மா பெட்டிக்குள்ளை வைச்சிருந்தவ. என்ன வடிவு! நடுவிலை மட்டுந்தான் ஓட்டை. ஆரோ வண்ணாத்தி அடிச்சுத் தோய்ச்சுக் கிழிச்சவளாம், அம்மா சொன்னவ."

எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. "உன்ரை கொம்மா பொய் சொல்லுறா!" என்று கத்தினேன். பிள்ளைத்தாய்ச்சியிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுதான். அவள் பயந்துபோய்க் கதிரையில் இருந்துவிட்டாள். ஆனால் எவ்வளவு காலத்துக்குத்தான் ஒரு பொய்யை வாயை மூடிக்கொண்டு கேட்பது? இருபத்தைந்து வருடமாக அந்தப் பொய் எங்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்து, இப்போது அடுத்த பிள்ளைக்கும் சீதனமாகப் போகப் பார்க்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அம்மா போய்விட்டார். அக்கா இருக்கிறாள், கண்ணும் நன்றாகத் தெரிகிறது. படிப்பாள். படிக்கட்டும்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடம் முந்திய காலம். தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கிழமையில் இரண்டு நாள் கடைசிப் பாடம் தையல். வெட்டி மிஞ்சின துணித் துண்டுகளை ரீச்சர் ஒரு சாக்கில் கட்டி வைத்திருப்பார். மட்டையில் ஒரு சாண் அளவுக்குச் சதுரம் வெட்டி, அதைத் துணியின் மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட வேண்டும். கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். கோட்டின் மேல் தைக்க வேண்டும். மூன்று சதுரம் ஒரு வரிசை, மூன்று வரிசை சேர்ந்தால் ஒன்பது சதுரம். அடியில் ஒரு பழைய வேட்டியை வைத்து மேலும் கீழும் சேர்த்துச் சின்னச் சின்னத் தையலாக ஓட்டினால் ஒரு குழந்தை படுக்கத் துணி ஆயிற்று. புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கு இதற்கு மேல் வேண்டாம் என்பார் ரீச்சர்.

நான் முதல் முறை அந்தக் கால் அங்குலத்தை மறந்து கோட்டிலேயே வெட்டிவிட்டேன். ஒன்பது சதுரமும் ஒன்பது அளவாகக் கோணிக்கொண்டு நின்றன. ரீச்சர் அதை உயர்த்திப் பிடித்து வகுப்புக்கெல்லாம் காட்டிச் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன். நான் தையல் பழகினது அப்படித்தான். பொறுமையாம், பொறுமை!

அந்த வருடம் அக்கா மூன்றாம் முறையாகப் பிள்ளைப்பெறுவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதல் பிள்ளை மூன்றாம் நாள் போனது. இரண்டாவது பதினோராம் நாள் போனது. அக்காவின் மாமியார் கொக்குவிலில் இருந்தார். இரண்டாவது பிள்ளையின் செத்தவீட்டுக்கு வந்தவர், "என்ரை பெடியனுக்கு ஒரு குஞ்சைக் கையிலை ஏந்தக் குடுத்துவைக்கேல்லை" என்று எங்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். பிறகு, வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள் என்ற கதையும் மெல்ல மெல்ல எங்கள் வாசற்படலை வரை வந்து சேர்ந்தது. அக்கா சாப்பிடும்போதும் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டே சாப்பிடுவாள். "இதுவும் தங்காட்டி நான் அந்த வீட்டு வாசல் மிதிக்கேலாது. பிள்ளை தப்பவேணும். ஆர் என்ன செய்தாலும் சரி, தப்பவேணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளை பிறக்கும்போது, பெற்றதில் ஒன்றைக்கூடப் பறிகொடுக்காத தாய்மாரிடம் பழந்துணி இரந்து வாங்கி, அதில்தான் அந்தப் பிள்ளையைக் கிடத்த வேண்டும். ஒன்பது வீட்டுத் துணி வேண்டும். அந்தத் தாய் உடுத்தது, அல்லது அவளுடைய பிள்ளைகள் படுத்தது. தங்கின பிள்ளைகளின் ஆயுசு அந்தத் துணியோடு வரும் என்று நம்பினார்கள். வழக்கமாகத் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னுக்கு நின்று, "ஒன்பதெண்டா நான் தைச்சுத் தாறன் அம்மா" என்றேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினதில் ஒரு பிரயோசனமாவது உண்டே என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

ஒன்பது வீடு என்றால் இலேசு என்று நினைத்தேன். படலை படலையாக ஏறி இறங்கிய பிறகுதான் தெரிந்தது. துணி கேட்டால் பெண்கள் அழத் தொடங்கினார்கள். இந்த வீட்டில் காய்ச்சலில் ஒன்று, அந்த வீட்டில் வயிற்றோட்டத்தில் இரண்டு. எங்கள் அம்மாவின் துணியும் ஆகாது, எனக்கு மூத்த அண்ணன் ஒருவர் இரண்டு வயதில் போனவர். ஒருத்தி மட்டும், "பழந்துணி குடுக்க எங்களுக்கென்ன பஞ்சமோ?" என்று கடைப் புதுத் துணி ஒன்றை எடுத்துத் தந்தாள். அந்தப் பெருமையை வைத்து என்ன செய்வது? தண்ணீரில் போட்டதும் சுருங்கி, பக்கத்துத் துண்டுகளையும் இழுத்துக்கொண்டு நின்றது. பழகுகிறவர்களே, பழசோடு புதுசைச் சேர்ப்பதென்றால் முதலில் நனைத்துக் காயவையுங்கள். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எப்படியோ எட்டு வீடு சேர்ந்தது. ஒன்பதாவது கிடைக்கவில்லை. அக்காவுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்களுக்குத் துணி வெளுக்கும் கட்டாடியின் மனைவிக்கு ஏழு பிள்ளைகள். ஏழும் உயிரோடு, குண்டுக்கல் மாதிரி. அழுக்குத் துணிப் பொட்டளி எடுக்க அவர் வரும்போது இரண்டு மூன்று பிள்ளைகள் பின்னால் ஓடிவரும். எங்கள் வீட்டில் எல்லாரும் அவரை "அவள்" என்றார்கள். நான் "அவர்" என்றே எழுதுவேன், நோகிறவர்களுக்கு நோகட்டும். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் குளக்கட்டுக்குப் போனேன். அவர் கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் அம்மாவின் வயது. ஆனாலும் நான் எப்படிக் கேட்டேன் தெரியுமா? அப்படித்தானே பழக்கி வைத்திருந்தார்கள்.

"உன்ரை பழஞ்சீலையிலை ஒரு துண்டு தருவியோ? அக்காவின்ரை பிள்ளைக்கு. ஒன்பது வீட்டுத் துணிக்கு ஒண்டு குறையுது."

அவர் துணியைக் கல்லில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நாச்சியார் கேட்டுவிட்டவவோ, பிள்ளை?"

"ஓம்" என்றேன். அம்மா கேட்டுவிடவே இல்லை, முழுப் பொய்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, கட்டுக்குக் கீழே இருந்த தன் கொட்டிலுக்குள் போய் ஒரு சீலையை எடுத்து வந்தார். வெளுத்து வெளுத்து மெத்தென்று போன பச்சைச் சீலை, அரக்குக் கட்டம் போட்டது. "இதிலைதான் ஏழுக்கும் ஏணை கட்டினனான். ஏழும் இதுக்குள்ளை கிடந்துதான் நித்திரை கொண்டதுகள்" என்றார். ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரு சாணுக்கும் கொஞ்சம் கூடவே கிழித்துத் தந்தார். "நல்லாத் தையுங்கோ. பிள்ளை தப்பும், பயப்பிடாதேங்கோ."

எட்டுப் பேரும் துணி தந்தார்கள். இப்படிச் சொல்லித் தந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தத் துண்டை நடுவில் வைத்தேன். எல்லாவற்றிலும் அதுதான் மெதுமை, குழந்தையின் முதுகு அதில்தான் படும். பள்ளிக்கூடத்தில் வைத்தே தைத்து முடித்து, மடித்தபடியே கொண்டுவந்து பிள்ளைப்பெறும் அறையில் வைத்தேன். ஒன்பதாவது துண்டு எங்கே கிடைத்தது என்று அம்மா கேட்டதற்கு, அளவெட்டியில் இருந்து வரும் சிநேகிதி ஒருத்தியின் தாய் தந்தது என்றேன். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. பிறந்த உடனே அந்தத் துணியில் கிடத்தினார்கள். பிள்ளைப்பெற்ற அறையில் யன்னலைச் சாத்தி வைத்திருந்ததால், உள்ளே துணியின் நிறம் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் கடந்தது. பதினோராம் நாள் முழுக்க அக்கா குழந்தையின் மூக்குக்கு முன்னால் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். அதுவும் கடந்தது. பன்னிரண்டாம் நாள் காலை அம்மா துணியை முற்றத்துக்குக் கொண்டுவந்து இளவெயிலில் விரித்தார். விரித்தவர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்.

"எடி பிள்ளை, இஞ்சை ஓடியா! இந்த நடுத்துண்டு என்ரை சீலையெல்லே! கலியாணம் முடிச்ச அடுத்த வருசம் உன்ரை ஐயா எடுத்துத் தந்த சீலை. இதை நான் ஆருக்கோ வருசப்பிறப்புக்குக் குடுத்தனான். ஆருக்குக் குடுத்தனான்..."

சிரிப்பு அப்படியே நின்றது. நினைவு வந்துவிட்டது.

"வண்ணாத்திக்கெல்லே குடுத்தனான்! அட பாவி! அவள் கட்டின துணியிலையோ என்ரை பேத்தியைக் கிடத்தி வைச்சிருக்கிறாய்?"

"உங்கடை சீலைதானே அம்மா" என்றேன்.

"அவள் கட்டினாப் பிறகு அது என்ரை சீலையோடி?"

"அவள் தோய்ச்ச வேட்டியைக் கட்டிக்கொண்டுதானே ஐயா கோயிலுக்குப் போறார்?"

பளார் என்று கன்னத்தில் விழுந்தது. அடி கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. இன்றைக்கும் கேட்கிறேன், யாராவது சொல்லுங்கள். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிய வேண்டுமென்றால் அவர் வெளுத்த துணி வராமல் கழியாது. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் அவர் வீட்டு வெள்ளைதான் கட்ட வேண்டும். அவர் கை பட்டால் எங்கள் துணி துப்புரவு. அவர் தோள் பட்டால் அதே துணி தீட்டு. எந்த மட்டையை வைத்து இந்தக் கோட்டைப் போட்டார்கள்? பன்னிரண்டு நாள் அந்தத் துணியில் கிடந்து குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. அது அம்மாவின் கண்ணில் படவில்லை.

"மாமி அறிஞ்சா எங்கடை மானம் கப்பலேறிப்போம். உன்ரை அக்காவின்ரை வாழ்வு அவ்வளவுதான். இப்பவே உந்தத் துண்டைப் பிரிச்செடு" என்றார் அம்மா.

நான் அறை வாசலில் போய் நின்று அக்காவைப் பார்த்தேன். ஆர் என்ன செய்தாலும் சரி என்று சொன்னவள்தானே, ஒரு சொல் சொல்லுவாள் என்று நினைத்தேன். எல்லாம் காதில் விழுந்திருந்தது. குழந்தையை அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

பிரித்தேன். தையல் பிரிக்கிறதற்கும் முறை உண்டு. நாலு தையலுக்கு ஒன்றாக நறுக்கி, மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் துணி நோகாமல் வரும். அப்படித்தான் வந்தது. "பிரிச்ச இடம் தெரியாமல் வடிவாய்ப் பிரிச்சிருக்கிறாய்" என்று அம்மா பாராட்டினார். எரிக்கச் சொன்ன துண்டை நான் எரிக்கவில்லை. வாசிப்புப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஒன்பதாவது தாய் கிடைக்காததால் நடுவை நிரப்பவும் வழியில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் துணியை வைக்க ஒருவருக்கும் துணிவில்லை. அடியிலிருந்த வேட்டி வெளியே தெரிந்தது. பிடிப்பில்லாமல் போன ஓரங்கள் நாளுக்கு நாள் நூல் நூலாகக் கழன்று, பார்த்தால் கிழிசல் மாதிரியே ஆயிற்று.

முப்பதாம் நாள் துடக்குத் துணிகள் எல்லாம் கட்டாடியின் மனைவியிடம் போயின. அந்தப் பொட்டளிக்குள் இதுவும் போனது. அதைத் தடுத்து வைக்க எனக்கு மூளை வேலை செய்யவில்லை. அவர் குளத்தில் அதை விரித்தபோது, தான் பல்லால் கிழித்துத் தந்த துண்டு இருந்த இடத்தில் வெறும் வேட்டியைக் கண்டிருப்பார். கண்டும் தோய்த்து, காயவைத்து, மடித்து, அடுத்த நாள் காலை கொண்டுவந்து தந்துவிட்டு, படலையடிப் பூவரசின் கீழே நின்றார். துடக்குக் கழிவன்று கட்டாடி வீட்டுக்கு அரிசி, தேங்காய், காய்கறி எல்லாம் சுளகில் வைத்துக் கொடுப்பது முறை. அதற்காக நின்றார்.

கொக்குவிலில் இருந்து ரயிலேறி மாமியார் வந்திறங்கினார். குழந்தையைக் கண்டதும் அவர் முகம் விரிந்த விரிவைப் பார்க்க வேண்டும்! "என்ரை குஞ்செல்லே, என்ரை ராசாத்தியெல்லே" என்று கொஞ்சினார். மடியில் போட்டுக்கொள்ளத் துணியை விரித்தார். விரித்ததும் முகம் சுருங்கியது.

"உதென்ன நடுவிலை கிழிசல்? ஒன்பது வீட்டுத் துணியெண்டு சொன்னீங்கள்?"

அம்மா கண் இமைக்கவில்லை. "அதையேன் கேக்கிறியள் மச்சாள். வண்ணாத்தி அடிச்சுத் தோய்ச்சுக் கிழிச்சுப்போட்டாள்."

"இஞ்சை வாடி!" மாமியார் படலைப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். "உனக்கென்ன கண் பொட்டையோ? பிள்ளையின்ரை ஆயுசெல்லே உது!"

கட்டாடியின் மனைவி முற்றத்து விளிம்பு வரை வந்து நின்றார். துணியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "நான்தான் பிரிச்சனான், அது அவ தந்த துண்டு" என்று சொல்ல எத்தனை நொடி போகும்? அக்கா மாமியாரின் முதுகுக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து எனக்குத் தலையாட்டினாள். சொல்லிவிடாதே என்று. எல்லாவற்றுக்கும் துள்ளிக்கொண்டு நிற்கிற என் வாய் அன்றைக்கு மட்டும் திறக்கவில்லை.

"ஓம் நாச்சியார்" என்றார் அவர். "என்ரை கைப்பிழைதான்."

"இண்டைக்கு உவளுக்கு ஒண்டும் குடுக்காதேங்கோ, அப்பத்தான் புத்தி வரும்" என்றார் மாமியார். அம்மா அரிசிச் சுளகைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். மறுக்கவில்லை. மாமியாரின் வார்த்தையைத் தட்டினால் சந்தேகம் வருமாம், பிறகு என்னிடம் சொன்னார். அக்கா அந்த மாதமே குழந்தையோடு கொக்குவிலுக்குப் போனாள். துணி தந்த எட்டு வீட்டாரும் தங்கள் தங்கள் துண்டால்தான் பிள்ளை தங்கினது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். புதுத் துணி தந்தவள்கூடச் சொன்னாள்! அந்தக் குழந்தைதான் போன கிழமை என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, ஆரோ வண்ணாத்தி கிழித்தாள் என்றது. அவளில் என்ன பிழை? அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் பிழை. சொல்லாமல் இருந்த என்னில் பிழை.

அந்தத் துடக்குக் கழிவன்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் புத்தகத்துக்குள் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வெறுங்கையோடு ஒழுங்கை முடக்கில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

"நில்லு" என்று கூப்பிட்டேன். அவர் நிற்கவில்லை. "நில்லுங்கோ!"

நின்றார்.

"துண்டு என்னட்டைக் கிடக்கு. எரிக்கேல்லை. நான் அதைத் திரும்ப நடுவிலை வைச்சுத் தைச்சுப்போடுறன். ஒருத்தருக்கும் தெரியாமல் தைச்சுப்போடுறன்."

"ஏன் தெரியாமல்?" என்று கேட்டார்.

துண்டைக் கையில் பொத்திப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை எப்பிடி இருக்குது?"

"நல்லாயிருக்கு. பாலும் நல்லாக் குடிக்குது."

"அப்ப உந்தத் துண்டை இஞ்சை தாங்கோ." வாங்கி உள்ளங்கையில் வைத்து நீவினார். ஊசி போன துளைகளை நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவினார். "வடிவாய்ப் பிரிச்சிருக்கிறியள்" என்றார். அம்மா சொன்ன அதே சொல்.

துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "நாச்சியார் கேட்டுவிட்டவ எண்டு நீங்கள் சொன்னது பொய்யெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். பச்சைப் பிள்ளைக்கெண்டபடியால் குடுத்தனான். அதுக்கு எனக்கு ஒண்டுமில்லை" என்றார். குரல் உயரவில்லை. கண் மட்டும் என்னை விட்டு அசையவில்லை. "ஆனால் நான் கிழிச்சனெண்டு நாச்சியார் சொல்லேக்கை, நீங்களும் அங்கைதானே நிண்டனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

அன்று முழுக்க நான் ஒப்புக்கொண்ட உண்மை அது ஒன்றுதான்.